குழாய் வேலைக்கு கன்சென்ட்: வேலை பெரிதா என்று கேட்காதீர்கள்

வீடு முழுக்க ஓடும் பழைய தண்ணீர்க் குழாய்களை உருவிப் போட்டுவிட்டுப் புதுக்குழாய் இழுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 1970களின் பிற்பகுதியிலும் 80களிலும் நியூசிலாந்து வீடுகளில் போட்ட, கசிவுக்குப் பேர்போன டக்ஸ் க்வெஸ்ட் கருப்புக் குழாய் இன்னும் இருக்கும் வீடுகளில் இது சகஜமான வேலை. சுவரைத் திறக்க வேண்டும், தரைக்கடியில் புக வேண்டும், கையிலிருந்து ஆயிரக்கணக்கில் டாலர் கரையும். ஆனால் உரிமம் உள்ள பிளம்பர் செய்தால் பெரும்பாலும் கவுன்சிலிடம் கட்டட அனுமதி, அதாவது இங்கே எல்லோரும் சொல்லும் ‘கன்சென்ட்’, வாங்க வேண்டியதில்லை. அதே வீட்டுக் கராஜில், மீன் கழுவவும் பெரிய பாத்திரம் தேய்க்கவும் வசதியாக இருக்கட்டும் என்று புதிதாக ஒரே ஒரு சின்க் வைத்தால் கன்சென்ட் வேண்டும். கான்கிரீட் தளத்துக்கு அடியில் பதித்த கழிவுநீர்க் குழாய் 12 ஆண்டில் பழுதாகிவிட்டால், அதே இடத்தில் அதே மாதிரிக் குழாயைப் பதிப்பதற்கும் கன்சென்ட் வேண்டும். இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர்கள், இந்தச் சட்டத்துக்குத் தலையும் இல்லை வாலும் இல்லை என்று அலுத்துக்கொள்வதில் ஆச்சரியமில்லை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சட்டம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. நாம்தான் வேறு கணக்கைப் போட்டுப் பார்க்கிறோம்.

முதலில் சட்டம் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடலாம். 2004ஆம் ஆண்டு கட்டடச் சட்டத்தின்படி எந்தக் கட்டட வேலைக்கும் கன்சென்ட் தேவை என்பதுதான் பொது விதி. கன்சென்ட் வேண்டாத வேலைகளின் பட்டியல் அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அந்த அட்டவணையின் முதல் பகுதி எல்லாருக்கும் பொதுவானது. ஆனால் அங்கே தரும் பழுதுபார்ப்புச் சலுகையிலிருந்து பிளம்பிங், டிரெய்ன் வேலைகளை வெளிப்படையாகவே விலக்கிவிட்டார்கள். அவற்றுக்கென்று இரண்டாம் பகுதி தனியாக இருக்கிறது. அது 2006ஆம் ஆண்டின் பிளம்பர்கள், கேஸ்ஃபிட்டர்கள், டிரெய்ன்லேயர்கள் சட்டப்படி உரிமம் பெற்றவர்கள் செய்யும் வேலைக்கு மட்டும் பொருந்தும். குழாய் வாஷர் மாற்றுவது போன்ற சில்லறை வேலை போக மற்றதில் வீட்டுக்காரர் கை வைத்தால், கன்சென்ட் என்ற கேள்விக்குப் போவதற்கு முன்பே அவர் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார். உரிமம் உள்ளவர் செய்தால், ஒப்பான பொருளைக் கொண்டு பழுதுபார்ப்பதற்கும், ஒப்பான பொருளை அதே இடத்தில் மாற்றிப் பொருத்துவதற்கும் கன்சென்ட் வேண்டாம். வீட்டுக்கு வெளியே சுவரோரம் இருக்கும் கழிவுநீர்த் தொட்டியான கல்லி டிராப்பைச் சற்று நகர்த்துவது போன்ற சிறு மாற்றங்களுக்கும் வேண்டாம். கட்டடத்திலுள்ள சின்க், பேசின், கழிப்பறைக் கோப்பை முதலியவற்றின் மொத்த எண்ணிக்கை கூடாதவரை, உள்ளே இருப்பதை இடம் மாற்றிக்கொள்வதற்கும் வேண்டாம்.

இதில் எங்கேயாவது செலவைப் பற்றிப் பேச்சு வருகிறதா? எத்தனை மீட்டர் குழாய், எத்தனை நாள் வேலை, எத்தனை சுவர் உடைகிறது என்று வருகிறதா? வரவில்லை. பெரிய வேலைக்கு அனுமதி, சின்ன வேலைக்கு வேண்டாம் என்பது நாமாகக் கற்பித்துக்கொண்ட விதி. சட்டம் கேட்பது வேறு. இந்த வேலையில் தவறு நடந்தால் அது எப்போது வெளியே தெரியும்? தெரியும்போது யார் தலையில் விடியும்? இந்த இரண்டு கேள்விகளை வைத்துக்கொண்டு பட்டியலைப் படித்தால், முரணாகத் தெரிந்த பலவும் வரிசையில் வந்து நின்றுவிடும்.

இது என் ஊகம் மட்டுமல்ல. நியூசிலாந்துக் கட்டட விதித்தொகுப்பில் நீடித்துழைப்பைப் பற்றிய பிரிவு, பி2, இதை ஏறக்குறைய நேராகவே சொல்கிறது. ஒரு பாகம் எத்தனை ஆண்டு தாங்க வேண்டும் என்பதற்கு அங்கே மூன்று படிகள்: 5, 15, 50. எளிதில் எட்டக்கூடிய, எளிதில் மாற்றக்கூடிய, கெட்டுப்போனால் அன்றாடப் புழக்கத்திலேயே கண்ணில் பட்டுவிடுகிற பாகம் 5 ஆண்டு தாங்கினால் போதும். அன்றாடப் புழக்கத்தில் தெரியாது, பராமரிப்புக்குப் பார்க்கும்போது தெரியும் என்றால் 15 ஆண்டு. புழக்கத்திலும் தெரியாது, பராமரிப்பிலும் தெரியாது, அல்லது எடுத்து மாற்றுவது பெரும்பாடு என்றால் 50 ஆண்டுக்குக் குறையக் கூடாது. சமையலறைக் குழாய் சொட்டினால் அன்றைக்கே தெரிந்துவிடும். தளத்துக்கு அடியில் ஒரு மூட்டு விலகினால், மண் அரித்துத் தரை இறங்கும்வரை தெரியாமலும் போகலாம். ஆகவே மறைவு கூடக் கூட எதிர்பார்க்கும் ஆயுளும் கூடுகிறது. பொருளின் விலை பற்றியோ வேலையின் பருமன் பற்றியோ அங்கே பேச்சில்லை.

இந்த வெளிச்சத்தில் அந்த 12 ஆண்டுக் குழாயைப் பாருங்கள். ஒப்பான பொருளை அதே இடத்தில் வைக்கலாம் என்று தாராளமாகச் சொன்ன இரண்டாம் பகுதி, ஒரு விலக்கையும் கூடவே வைத்திருக்கிறது: விதித்தொகுப்பு சொன்ன ஆயுளை எட்டாமல் கெட்டுப்போன பாகத்தைப் பழுதுபார்க்கவோ மாற்றவோ இந்தச் சலுகை செல்லாது. 50 ஆண்டு தாங்க வேண்டியது 12 ஆண்டில் போய்விட்டதென்றால், அதற்கு ஏதோ ஒரு காரணம் இருக்கிறது. குழாய்ப் படுகை சரியில்லை, வாட்டம் போதவில்லை, பொருள் தரமில்லை, மண் நகர்கிறது என்று எதுவாகவும் இருக்கலாம். அதே பொருளை அதே இடத்தில் அதே விதமாக வைத்தால் பழைய தவறை அப்படியே நகலெடுத்து மண்ணைப் போட்டு மூடுகிறோம். ஒப்பான பொருள் என்ற சலுகையின் அடிப்படையே, முன்பிருந்தது சரியாக இருந்தது என்ற அனுமானம்தான். அந்த அனுமானம் பொய்த்த இடத்தில் சலுகையும் நிற்பதில்லை. வேலையைத் தொடங்குமுன் இன்னொருவர் காரணத்தைக் கேட்கட்டும் என்கிறது சட்டம். எல்லாச் சலுகை விலக்குகளிலும் எனக்கு அதிக அர்த்தமுள்ளதாகப் படுவது இதுதான். வீட்டுக்காரர்களில் பலர் கேள்விப்படாததும் இதுதான்.

இந்தக் கவனம் சும்மா வந்ததல்ல, நாடு விலை கொடுத்துப் படித்த பாடம். 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் இங்கே கட்டிய வீடுகளில் ஏராளமானவை ஒழுகும் வீடுகளாகப் போயின. மழைநீர் வெளிச்சுவர்ப் பூச்சுக்குப் பின்னால் புகுந்தது, வெளியேற வழியில்லை, உள்ளே இருந்த பதப்படுத்தாத பைன் மரச்சட்டம் ஊறி உளுத்தது. 2009இல் பிரைஸ்வாட்டர்ஹவுஸ்கூப்பர்ஸ் அரசுக்குத் தந்த அறிக்கை, பாதிக்கப்பட்ட வீடுகளைச் சுமார் 42,000 என்றும், செலவை 1,130 கோடி டாலர் என்றும் மதிப்பிட்டது. அது பிளம்பிங் கோளாறு அல்ல, சுவரும் கூரையும் சார்ந்த கோளாறு என்பது சரிதான். ஆனால் தண்ணீருக்கு அது எந்த வழியாக வந்தது என்ற பேதம் கிடையாது. சுவருக்குள்ளே, யாருக்கும் தெரியாமல், ஆண்டுக்கணக்கில் ஊறினால் மரம் அழுகும். டைல்ஸ் ஒட்டிய, தரையோடு தரையாக இருக்கும் ஷவருக்குக் கவுன்சில்கள் கன்சென்ட் கேட்பதும் இதனால்தான். அக்ரிலிக் தட்டு வைத்த ஷவர் பெட்டியை அதேபோல் இன்னொன்றால் மாற்றினால் கேட்பதில்லை. டைல்ஸ் ஷவரில் தண்ணீரைத் தடுத்து நிறுத்துவது டைல்ஸ் அல்ல, அதற்கடியில் தடவும் மெல்லிய நீர்காப்புப் பூச்சு. டைல்ஸை ஒட்டிவிட்டால் அதன்பின் அதை யாரும் பார்க்க முடியாது. ஆய்வாளர் பார்க்கக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு, பூச்சு காய்ந்து டைல்ஸ் ஏறுவதற்கு முந்தைய அந்த இடைவெளிதான்.

சரி, கராஜில் ஒரு சின்க் என்ன பாவம் செய்தது? அது கண்ணுக்குத் தெரிகிற இடத்தில்தானே இருக்கிறது என்று கேட்கலாம். சின்க் தெரிகிறது, அதன் கழிவு எங்கே போகிறது என்பது தெரிவதில்லை. கராஜுக்குப் பக்கத்தில் பல வீடுகளில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய்தான். அதில் இணைத்துவிட்டால் வேலை சுளுவாக முடிந்துவிடும். எண்ணெயும் சோப்பும் கலந்த தண்ணீர் மழைநீர்க் குழாய் வழியாக நேராக ஓடைக்கும் கடற்கரைக்கும் போய்ச் சேரும். வைத்தவருக்கு எந்தத் தொந்தரவும் இராது, தண்ணீர் ஜோராக வடியும். இதன் எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. கல்லி டிராப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வெளியே, சுவரோரம், சல்லடை மூடி போட்டுத் தரையில் இருக்கும் சின்னத் தொட்டி அது. பிரதான குழாய் அடைத்துக்கொண்டால் கழிவு வீட்டுக்குள் பொங்காமல் அங்கே பொங்கட்டும் என்பதற்காக வைத்தது. அதன் விளிம்பு, தளம் போட்ட இடத்தில் குறைந்தது 25 மில்லிமீட்டரும், வெறும் மண்ணில் 100 மில்லிமீட்டரும் உயர்ந்திருக்க வேண்டும். முற்றத்துக்குப் புதிதாகக் கல் பாவும்போது இந்த விளிம்பு தரையோடு தரையாகிவிட்டால், மழை பெய்யும்போதெல்லாம் முற்றத்துத் தண்ணீர் கழிவுநீர்க் குழாயில் இறங்கும்.

ஒரு வீட்டில் இறங்குவது பெரிதல்ல. ஒரு பேட்டை முழுக்க இறங்கினால், கழிவுநீர்க் குழாய் தாங்காமல் வழியிலேயே பொங்குகிறது. ஆக்லாந்தில் கனமழைக்குப் பிறகு கடற்கரைகளில் குளிக்க வேண்டாம் என்று எச்சரிக்கை வருவதற்கு, மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடும் பழைய பகுதிகள் ஒரு காரணம், இப்படிப் புகும் தண்ணீர் இன்னொரு காரணம். இந்தப் பொங்கலைக் குறைக்கத்தான் 16.2 கிலோமீட்டர் நீளத்துக்கு, 4.5 மீட்டர் விட்டத்தில், சென்ட்ரல் இன்டர்செப்டர் என்ற சுரங்கக் குழாயை நகரம் தோண்டியிருக்கிறது. அந்தச் செலவு எல்லார் தண்ணீர்க் கட்டணத்திலும் ஏறுகிறது. சின்க்கின் எண்ணிக்கையைச் சட்டம் எண்ணுவதன் காரணம் இங்கே இருக்கிறது. புதிய பொருள் ஒன்று வந்தால் புதிய கழிவுப் பாதை ஒன்று வருகிறது. அது சரியான குழாயில் சேர்ந்ததா, வாட்டம் உண்டா, காற்றுக்குழாய் உண்டா என்பதன் விளைவு வைத்தவர் வீட்டோடு நிற்பதில்லை.

விறகு அடுப்போடு இணைத்த வெந்நீர் சிலிண்டரைப் பழுதுபார்ப்புச் சலுகையிலிருந்து சட்டம் பிரித்து வைத்திருப்பதும் இதே கணக்குத்தான். மின்சார சிலிண்டரில் தண்ணீர் போதிய சூட்டை எட்டினால் தெர்மோஸ்டாட் மின்சாரத்தை நிறுத்திவிடும். அடுப்பில் எரியும் விறகை எந்த சுவிட்சும் நிறுத்தாது. சூடு ஏறிக்கொண்டே போகும், அழுத்தம் வெளியேற திறந்த குழாய் வேண்டும். அந்த வழி அடைபட்டிருப்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. எதை எடுத்துவிட்டு எந்த வகை சிலிண்டரை வைக்கிறோம் என்பதைப் பொறுத்து இங்கே கன்சென்ட் தேவைப்படுகிறது. சாதாரண சிலிண்டருக்கு இல்லாத கெடுபிடி இதற்கு மட்டும் ஏன் என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். கன்சென்ட் வேண்டாம் என்றால் என்ன வேண்டுமானாலும் செய்யலாம்தானே என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். இல்லை. கன்சென்ட் தேவையோ இல்லையோ, எல்லாக் கட்டட வேலையும் விதித்தொகுப்புக்கு உட்பட்டே நடக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 17ஆம் பிரிவு. நம் வீடுகளில் கழிப்பறையில் மாட்டும் கை ஸ்ப்ரே இதற்கு நல்ல உதாரணம். கடையில் வாங்கி, சிஸ்டர்ன் குழாயில் ஒரு டி வைத்து மாட்டிவிடலாம், பத்து நிமிட வேலை. ஸ்ப்ரேயின் முனை தவறிக் கோப்பைக்குள் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். அந்த நேரம் பார்த்து தெருவில் பிரதான குழாய் உடைகிறது, அல்லது தீயணைப்பு வண்டி தண்ணீர் இழுக்கிறது. குழாயில் அழுத்தம் சட்டென்று விழும். அப்போது தண்ணீர் முன்னோக்கிப் போவதற்குப் பதில் பின்னோக்கி இழுபடும், கோப்பைத் தண்ணீர் குடிநீர்க் குழாய்க்குள் போகும். அதைத் தடுக்கும் பின்னோட்டத் தடுப்பு வால்வு இல்லாமல் மாட்டியிருந்தால், எந்தப் படிவமும் யாரும் கேட்காவிட்டாலும், அது விதிக்குப் புறம்பான வேலைதான். இதில் பாதிக்கப்படுவது மாட்டியவர் குடும்பம் மட்டுமல்ல என்பதையும் கவனியுங்கள்.

‘என் வீடு, என் காசு, கெட்டால் எனக்குத்தானே நஷ்டம்’ என்பது அடுத்த வாதம். குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் தெருவோடு இணைந்திருக்கும்வரை அது பாதி உண்மை என்று மேலே பார்த்தோம். மீதிப் பாதியும் நிலைக்காது, ஏனென்றால் யாரும் ஒரே வீட்டில் காலம் முழுக்க இருப்பதில்லை. வீடு வாங்குகிறவர் கவுன்சிலிடம் லிம் என்ற சொத்து விவர அறிக்கையைக் கேட்டு வாங்குவார். அதில் எந்த வேலைக்குக் கன்சென்ட் பெற்றார்கள் என்பது இருக்கும். இரண்டு குளியலறைக்குக் காகிதம் இருந்து வீட்டில் மூன்று இருந்தால் பேரம் அங்கேயே தடுமாறும். பின்னால் சரிசெய்துகொள்ள ஏற்புச் சான்றிதழ் என்று ஒரு வழி இருக்கிறது. ஆனால் கவுன்சில் தன் கண்ணுக்குத் தெரிந்த பகுதிக்கு மட்டுமே அதில் உறுதி தரும். குழாயும் நீர்காப்புப் பூச்சும் மூடிக் கிடந்தால், எது முக்கியமோ அதற்குச் சான்று கிடைக்காது. அல்லது டைல்ஸைப் பெயர்த்துக் காட்ட வேண்டும். மறைவு என்ற பிரச்சினை இங்கேயும் திரும்ப வந்து வாசலில் நிற்கிறது.

கனமான மறுப்பு, காலமும் செலவும். கவுன்சில் 20 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று சட்டம் இருந்தாலும், கூடுதல் விவரம் கேட்டால் அந்தக் கணக்கு நின்றுவிடும். ஒரு பேசினுக்காக வரைபடம், கட்டணம், ஆய்வு என்று அலைய வேண்டியிருந்தால் பலர் சத்தமில்லாமல் செய்துவிடுவார்கள், அதனால் விதியே தோற்கிறது என்கிறார்கள். இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. அவசரத்துக்காவது சட்டம் இடம் விட்டிருக்கிறது: உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து, சொத்துக்குப் பெருஞ்சேதம் என்ற நிலையில் கன்சென்டுக்குக் காத்திராமல் வேலையைச் செய்துவிட்டு, பிறகு கூடிய விரைவில் ஏற்புச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். நடுராத்திரியில் குழாய் வெடித்தால் யாரும் படிவம் நிரப்பிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. அவசரமல்லாத வேலையின் தாமதத்துக்கு என் பதில் இது: கவுன்சில் மெதுவாக வேலை செய்கிறது என்றால் கவுன்சிலை வேகப்படுத்த வேண்டும். மறைந்த வேலையை யாரும் பார்க்க வேண்டாம் என்ற முடிவுக்கு அதிலிருந்து போக முடியாது.

கடைசி மறுப்புதான் இப்போது அரசியலிலும் அடிபடுகிறது. மின்பணியாளர்களும் கேஸ்ஃபிட்டர்களும் தங்கள் வேலைக்குத் தாங்களே சான்று எழுதித் தருகிறார்கள், அதேபோல் படிப்பும் தேர்வும் உரிமமும் உள்ள பிளம்பர்களுக்கும் டிரெய்ன்லேயர்களுக்கும் அந்த உரிமை ஏன் இல்லை? அவர்களுக்கும் அதைத் தரும் யோசனையை அரசு முன்வைத்திருக்கிறது. நான் இதற்கு எதிரி அல்ல. சொல்லப்போனால் இரண்டாம் பகுதி முழுவதும் உரிமம் பெற்றவரின் கையை நம்பித்தான் எழுதப்பட்டிருக்கிறது. வீடு முழுக்கக் குழாய் மாற்ற விடுகிறவர்கள், ஒரு பேசின் வைக்க மட்டும் நம்ப மாட்டோம் என்பது சற்று இடறத்தான் செய்கிறது. ஆனால் உரிமம் என்பது அவருக்கு வேலை தெரியும் என்பதற்கான சாட்சி. இந்த வீட்டில், இந்தச் சுவருக்குள், அந்த வேலையை அவர் எப்படிச் செய்தார் என்பதற்குச் சாட்சி அல்ல. இன்றைய ஏற்பாட்டின் பெரிய ஓட்டை எனக்குத் தெரிந்தவரை இங்கேதான் இருக்கிறது. கன்சென்ட் பெற்ற வேலைக்குக் கவுன்சில் கோப்பில் வரைபடம் இருக்கிறது, ஆய்வுக் குறிப்பு இருக்கிறது. கன்சென்ட் தேவைப்படாத வேலை, அது எவ்வளவு மறைந்து கிடந்தாலும், சொத்தின் கோப்பில் ஒரு வரிகூட இல்லாமல் போய்விடலாம். முழு வீட்டுக் குழாயும் மாறியிருக்கும், அடுத்த சொந்தக்காரருக்கு எந்த ஆண்டு, எந்தப் பொருள், எந்தப் பாதை என்று எதுவும் தெரியாது.

ஆகவே சீர்திருத்தம் வரட்டும், ஒரு நிபந்தனையோடு. சுவரோ தளமோ மண்ணோ மூடப்போகிற எந்தக் குழாய் வேலையானாலும், மூடுவதற்கு முன் எடுத்த படங்கள், பாதை காட்டும் எளிய வரைபடம், அழுத்தச் சோதனையின் முடிவு, செய்தவரின் உரிம எண் ஆகியவை அந்தச் சொத்தின் கோப்பில் சேர வேண்டும். அனுமதி கேட்பது அல்ல இது, தெரிவிப்பது. இன்றைக்குக் கைப்பேசி இருக்கும் யாருக்கும் அரைமணி நேர வேலை. இதைச் செய்தால் கன்சென்ட் பட்டியலைக் கணிசமாகவே சுருக்கலாம், அதில் எனக்குத் தயக்கமில்லை. ஆயுளுக்கு முன் கெட்டது, விறகு அடுப்போடு இணைந்தது, தெருக்குழாயில் புதிதாகச் சேர்வது, டைல்ஸுக்கு அடியில் போவது என்று நான்கைந்து மட்டும் மிஞ்சினால் போதும். அதுவரைக்கும், பிளம்பரைக் கூப்பிடுமுன் அவரிடம் மூன்று கேள்வி கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இருந்ததற்கு ஒப்பானதை அதே இடத்தில்தான் வைக்கிறீர்களா? இது தன் ஆயுளை முடித்துக்கொண்டு கெட்டதா, பாதியில் கெட்டதா? வேலை முடிந்தால் வீட்டிலுள்ள சின்க், பேசின், ஷவர், கழிப்பறையின் எண்ணிக்கை கூடுமா? மூன்றில் ஒன்றுக்காவது பதில் இடறினால் முதலில் கவுன்சிலுக்கு ஒரு போன். எதுவும் இடறாவிட்டாலும், சுவரை மூடுவதற்கு முன் நான்கு படம் எடுத்து வீட்டுப் பத்திரத்தோடு வைத்துவிடுங்கள். சட்டம் இன்னும் கேட்காவிட்டாலும், வீட்டை வாங்கப்போகிறவர் ஒருநாள் கேட்பார்.